ராகு காலத்துக்கு ஒரு கம்ப்யூட்டர்

நான் வேலை பார்த்த அறைக்குப் பெயர் டைம் ஆபீஸ். நூல் மில்களில் யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று பார்க்கிற இடத்துக்கு அப்படித்தான் பெயர். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் இருந்த அந்த மில்லில் பஞ்சு இருந்தது, நூல் இருந்தது, வாசலில் கிழக்குப் பார்த்து ஒரு பிள்ளையார் இருந்தார். டைம் ஆபீஸில் மேஜை, நாற்காலி, மின்விசிறி, ஒரு கம்ப்யூட்டர், நான் எல்லாரும் இருந்தோம். சரியான நேரம் அங்கே இருந்ததா என்பதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

டெலிபோன் இலாகாவில் முப்பத்தாறு வருஷம் உட்கார்ந்து எழுந்து ஓய்வு பெற்ற பிறகு நான் வீட்டில் இருந்தது பதினான்கு மாதம். அந்தப் பதினான்கு மாதமும் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் ஒன்றும் செய்யவில்லை. ஒரு கிலோ துவரம் பருப்புக்கு எத்தனை சாம்பார் வருகிறது என்று கேட்டேன். போன சிலிண்டரைவிட இந்தச் சிலிண்டர் ஏன் நான்கு நாள் முன்னதாகத் தீர்ந்தது என்று கேட்டேன். மருமகள் படித்த பெண், எதிர்த்துப் பேச மாட்டாள். என் மகனிடம் மட்டும், "மாமாவுக்கு எண்ணுறதுக்கு வெளிய ஏதாச்சும் பாத்துக் குடுங்க" என்று சொல்லியிருக்கிறாள். அவனுக்கு மில் மேனேஜரைத் தெரியும். அடுத்த வாரமே நான் தொழிலாளர்களை எண்ண ஆரம்பித்துவிட்டேன். காலை எட்டு மணி முதல் மாலை நான்கு வரை.

நான் சேர்ந்த சமயத்தில்தான் மில்லில் இருந்த கம்ப்யூட்டர்களை எல்லாம் ஒரே வலையாக இணைத்தார்கள். மொத்தம் ஏழு கம்ப்யூட்டர். அது போக கேட்டில் விரல் வைக்கிற மெஷின் ஒன்று. மதுரையிலிருந்து வந்த சர்வீஸ்காரர் வயர் இழுத்து முடித்துவிட்டு, நான் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல அரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். பஸ்ஸைத் தவற விட்டார்.

"சார், ஒவ்வொரு மெஷினுக்குள்ளயும் ஒரு கடிகாரம் இருக்கு. அதது பாட்டுக்கு விட்டா ஒண்ணு முந்தும், ஒண்ணு பிந்தும். ஒரு மாசம் கழிச்சுப் பாத்தா ஏழும் ஏழு மணி சொல்லும். அதனால அக்கவுண்ட்ஸ் ரூம்ல இருக்கிறத மெயினா வச்சிருக்கேன். மத்ததெல்லாம் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா அதுகிட்ட மணி என்னன்னு கேட்டுத் தன்னைச் சரி பண்ணிக்கும்."

"மெயின் யாரைக் கேட்கும்?"

"அது நெட்டுல வெளிய கேக்கும். அங்க அணுக் கடிகாரம் வச்சிருக்காங்க. நொடி பிசகாது."

கேட்கவே ஆறுதலாக இருந்தது. எங்கள் பக்கத்து வீடுகளில் கடிகாரத்தைச் சரியாக வைப்பது ஏதோ கஞ்சத்தனம் மாதிரி. எல்லாரும் பத்து நிமிஷம் கூட்டி வைப்பார்கள், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று. பத்து நிமிஷம் கூடுதல் என்பது எல்லாருக்கும் தெரியும் என்பதால், எல்லாரும் அதை மனதில் கழித்துக்கொண்டு, அதே பஸ்ஸைத் தவற விடுவார்கள். என் வீட்டில் நான்கு கடிகாரம். கூடத்தில் பத்து நிமிஷம் கூடுதல், சமையலறையில் ஏழு, மகன் அறையில் பதினைந்து. நான்காவது நின்று போயிற்று. ஒரு நாளில் இரண்டு தடவை சரியான மணி சொன்னது அந்த வீட்டில் அது ஒன்றுதான். இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவனுக்கு ஏழு கம்ப்யூட்டரும் ஒரே மணி சொல்லும் என்றால் எப்படி இருக்கும்.

மெயின் கம்ப்யூட்டரை அக்கவுண்ட்ஸ் ரூமில் வைத்ததற்குக் காரணம், அங்கேதான் ஏசி இருந்தது. கம்ப்யூட்டருக்காகப் போட்ட ஏசி. கூடவே இருந்த அக்கவுண்டன்ட், வெளியே நாற்பது டிகிரி கொதிக்கும்போது உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்.

கொஞ்ச நாளிலேயே எனக்கு உறுத்த ஆரம்பித்தது. ஒரு ஃபிட்டர் மதியம் ஒன்று நாற்பதுக்குச் சாப்பிட வெளியே போய், பன்னிரண்டு முப்பத்தைந்துக்குத் திரும்பி வந்திருந்தார். பரளச்சியிலிருந்து வருகிற ஒரு அம்மா, எட்டு மணி நேர ஷிஃப்டில் ஒன்பதரை மணி நேரம் வேலை பார்த்திருந்தார். அந்த அம்மா நல்ல உழைப்பாளிதான். ஆனாலும் ஒரு நாளைக்கு எத்தனை மணி என்பதில் ஒரு வரைமுறை இருக்கிறது. நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன்.

"சாப்பிடப் போறதுக்கு முந்தியே திரும்பி வந்திருக்கார் சார்."

மேனேஜர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "சுறுசுறுப்பான ஆளு" என்றார்.

மறுபடி மறுபடி போனேன். கம்ப்யூட்டர் என்றால் அப்படி ஒன்றிரண்டு வரும், நீங்களே பார்த்துச் சரி பண்ணிக்கொள்ளுங்கள் என்றார். சரி பண்ணினேன். ஏழு கம்ப்யூட்டரையும் அணுக் கடிகாரத்தையும் இணைத்து வைத்திருந்த மில்லில் கடைசியாக மணியைச் சரி பண்ணியது, எண்பத்தோராம் வருஷம் மாமனார் எனக்குப் போட்ட கைக்கடிகாரம். தொழிலாளர்களுக்கு இதெல்லாம் தெரியாது. அவர்களுக்கு நான் லேட் போடுகிறவன், அவ்வளவுதான். எனக்கு எமகண்டம் என்று பேர் வைத்திருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் என்றாலும் நாள் முழுக்கப் பயமுறுத்துகிறதாம்.

இனி எலக்ட்ரீசியனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாளையம்பட்டிக்காரர், நெசவுக் குடும்பம். நாற்பத்தைந்து வயது இருக்கும். வீட்டில் தெலுங்கு பேசுவார். கோபம் வந்தால் மில்லிலும் தெலுங்குதான், யாருக்கும் புரியாமல் திட்டலாம் என்பதால். மூன்று மணி ஷிஃப்டுக்கு மில் வேனில் வருகிறவர்கள் இரண்டே முக்காலுக்கே விரல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். இவர் தன்னுடைய மொபெட்டில் வருவார், எல்லாருக்கும் கடைசியில். எங்கள் இருவருக்கும் ஆகாது. நான் அவருக்கு லேட் போட்டது பதினொரு தடவை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் கேட்டுக்குள் வந்தபோது என் கடிகாரத்தில் மூன்று மணி நான்கு நிமிஷம்.

"நாலு நிமிஷம்" என்றேன்.

"வண்டி பஞ்சரு சார்."

"போன வாரமும் பஞ்சர்."

"அது முன் டயரு சார். இது பின் டயரு." விரலை வைத்துவிட்டு ஓடினார். ஐந்து நிமிஷம் வரை லேட் இல்லை என்பது மில்லின் சட்டம். என்னைக் கேட்காமல் போட்ட சட்டம். அதனால் விட்டுவிட்டேன்.

மூன்று நாற்பதுக்குக் கழிவுப் பஞ்சு போட்டு வைக்கிற அறையிலிருந்து புகை வந்தது. நூற்கும்போது தெறித்த ஒரு பொறி கழிவோடு போய் அங்கே கனன்றிருக்கிறது. பெரிய தீ இல்லை. எலக்ட்ரீசியன் அந்தப் பக்கத்து மெயின் சுவிட்சை இறக்கினார், மற்றவர்கள் மணலையும் தண்ணீரையும் கொட்டினார்கள். இருபது நிமிஷத்தில் அணைந்துவிட்டது. யாருக்கும் காயமில்லை. எரிந்தது குப்பைப் பஞ்சு, கறுத்தது ஒரு சுவர். சும்மா விட்டிருந்தால் அந்தப் பஞ்சை யாரும் காசு கொடுத்து வாங்கியிருக்க மாட்டார்கள். எரிந்த பிறகு அதற்கு மதிப்பு வந்துவிட்டது. இன்சூரன்ஸ்காரர் வருவார், அவர் வந்தால் யாராவது ஒருவர் தப்புச் செய்திருக்க வேண்டும். அந்த அறையை வாரம் ஒருமுறை காலி செய்ய வைக்க வேண்டியது மேனேஜர். அது மூன்று வாரமாகக் காலியாகவில்லை. ஆகவே வேறு யாராவது ஒருவர் தப்புச் செய்திருக்க வேண்டும்.

புதன்கிழமை, ஷிஃப்ட் ஆரம்பிக்க எவ்வளவோ நேரம் இருக்கும்போதே, எலக்ட்ரீசியன் கையில் ஒரு மெமோவோடு என் அறைக்கு வந்தார். காலையிலேயே வரச்சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மெமோவில் இருந்தது இது: தீப்பிடித்த சமயத்தில் நீர் பணியிடத்தில் இல்லை, மாலை 4.34க்குத்தான் உள்ளே வந்திருக்கிறீர். உம்மை ஏன் வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்பதற்கு வெள்ளிக்கிழமை முதலாளி முன்னிலையில் விளக்கம் தரவும்.

"நீங்கதான சார் நாலு நிமிஷம்னு சொன்னீக?"

"நான்தான்."

"இதுல ஒண்ணரை மணி நேரம் லேட்டுன்னு போட்டிருக்கு. உங்களவிடப் பெரிய ஆளு எவனோ வந்திருக்கான் போல."

நான் கம்ப்யூட்டரில் பார்த்தேன். 4.34 என்றுதான் இருந்தது.

அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே மெமோவை நான்காக மடித்தார், பிரித்தார். "வேலை போனாக்கூடப் பரவால்ல சார். தீப் பிடிச்சப்ப எலக்ட்ரீசியன் இல்லன்னு பேரு வந்துச்சுன்னா சுத்துப்பட்டுல ஒரு மில்லுக்காரனும் உள்ள விட மாட்டான். பெறகு கல்யாண மண்டபத்துல சீரியல் லைட்டுதான் மாட்டணும். மக பன்னெண்டாவது படிக்கிது. நான் சுவிட்ச இறக்குனத அம்புட்டுப் பேரும் பாத்தாக சார்."

மேனேஜரிடம் போனேன்.

"அம்புட்டுப் பேரும் வந்து சொல்லிட்டாங்க சார்" என்றார் மேனேஜர். "பதினஞ்சு பேரு. பதினஞ்சு பேர் வீட்டு மோட்டாரையும் அவருதான் சும்மா ரிப்பேர் பண்ணிக் குடுத்திருக்காரு. வேற எப்படிச் சொல்லுவாங்க?"

"கேமரா?"

கேமராவைப் போட்டுக் காட்டினார். மில்லில் இருந்ததே அந்த ஒரு கேமராதான். அது இந்த வலையில் சேராத தனிப் பெட்டி. கழிவுப் பஞ்சு அறையின் கேமரா கண்ணாடி முழுக்கப் பஞ்சு அப்பியிருந்தது. மூன்று நாற்பது வரை திரை வெள்ளையாக இருந்தது. அதன் பிறகு கறுப்பாக இருந்தது. மில்லின் பாதுகாப்புக்காகப் பொருத்திய கேமரா, தீப்பிடித்தது என்பதை மட்டும் சந்தேகமில்லாமல் நிரூபித்தது.

"நானே பார்த்தேன் சார். மூணு நாலுக்கு உள்ளே வந்தார்."

"எதுல பாத்தீங்க?"

கையைக் காட்டினேன். அவர் என் கடிகாரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது நெட்வொர்க்ல இருக்கா?"

"இது என் கையில இருக்கு சார்."

"மனுஷன் தப்பாப் பாக்கலாம் சார். உங்களுக்கு வயசு அறுபத்து நாலு. கம்ப்யூட்டர் எதுக்குச் சார் பொய் சொல்லணும்? அதுக்கு என்ன, அவரு மேல பகையா?"

பகை இருந்தது எனக்குத்தான். பதினொரு லேட் போட்டவன் நான். அப்படிப்பட்ட என் சாட்சியே செல்லவில்லை என்றால் அந்த மனிதருக்கு வேறு யார் சொல்லிச் செல்லும்?

அறைக்குத் திரும்பி வந்து கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணி ஆயிற்று. திரையின் மூலையில் இருக்கிற கடிகாரத்தையும் கைக்கடிகாரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒன்றாகத்தான் ஓடின. பன்னிரண்டு ஒன்பது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். திரையில் ஒன்று முப்பத்தைந்து.

முதலில் எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். என் வயதில் சிலர் அப்படி உட்கார்ந்த இடத்திலேயே ஒன்றரை மணி நேரம் நினைவில்லாமல் இருந்திருக்கிறார்கள். வாய் கோணியிருக்கிறதா என்று ஜன்னல் கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு கையையும் தூக்கினேன். பிறகு டிபன் கேரியரைத் திறந்தேன். சோறு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, அப்பளம் இரண்டு, வைத்தபடியே இருந்தன. ஆக, நான் சாப்பிடவில்லை. என் மதியத்தை வேறு யாரோ சாப்பிட்டிருக்கிறார்கள். கைக்கடிகாரத்தில் மணி பன்னிரண்டு பத்து.

நேராக அக்கவுண்ட்ஸ் ரூமுக்குப் போனேன். அக்கவுண்டன்ட் ஸ்வெட்டரோடு உட்கார்ந்து பில் அடித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு, மடியில் ஒரு தினக் காலண்டர். எதிரே லாரி டிரைவர் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மணி என்ன சார்?" என்று கேட்டேன்.

"ஒண்ணு முப்பத்தேழு."

"வெளியில பன்னெண்டு பன்னெண்டு."

"அது வெளியில சார்" என்றார் அவர், ஒரு கலக்கமும் இல்லாமல்.

டிரைவர் பில்லை வாங்கிக்கொண்டு போன பிறகு விவரம் சொன்னார். அதில் மறைக்க ஒன்றும் இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. ராகு காலத்தில் பில் போட்டுச் சரக்கை வெளியே அனுப்பக்கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. அவருடைய தகப்பனார் காலத்திலிருந்தே அப்படித்தான். முன்பெல்லாம் கையால் பில் எழுதுவார்கள். ராகு காலம் முடிகிற வரை டிரைவர் லாரிக்கு அடியில் படுத்துத் தூங்குவார். இப்போது லோடு தூத்துக்குடித் துறைமுகத்துக்கு ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தால் கப்பல் காத்திருக்காது. கப்பல்காரருக்கு ராகு காலம் பற்றித் தெரியாது.

"ராகு காலத்த நம்ம மாத்த முடியாது சார். கம்ப்யூட்டர மாத்தலாம்ல. புதன்கிழமை பன்னெண்டுலருந்து ஒண்ணரை. அதான் ஒண்ணு முப்பத்தொண்ணு வச்சிட்டேன்."

"முன்னாடி தள்ளுறதுக்குப் பதிலா ஏன் பின்னாடி இழுக்கக்கூடாது? பதினொண்ணு ஐம்பத்தஞ்சுன்னு வைக்கிறது. தூரமும் கம்மி."

"முந்தின பில்லவிட நேரம் கொறஞ்சா இந்த சாப்ட்வேரு பில்லு போட விடாது சார். நானும் பாத்துட்டேன்."

"வெளியே அணுக் கடிகாரத்தைக் கேட்கும் என்றாரே?"

"ஆமா சார், மொதல்ல பெரிய தொந்தரவு. நான் மாத்தி வைப்பேன், அது தானா பழைய மணிக்கே வந்துரும். சர்வீஸ்காரருக்குப் போனப் போட்டுச் சொன்னேன். வெளிய கேக்குறத நிப்பாட்டிட்டாரு. இப்ப ஒரு தொந்தரவும் இல்ல."

ஆக, விரல் மெஷின் அக்கவுண்ட்ஸ் ரூமைக் கேட்கிறது. மேனேஜரின் கம்ப்யூட்டர் அக்கவுண்ட்ஸ் ரூமைக் கேட்கிறது. அக்கவுண்ட்ஸ் ரூம் தினக் காலண்டரைக் கேட்கிறது. மூன்று வருஷமாக.

"நேற்று?"

"நேத்து செவ்வாய். மூணுலருந்து நாலரை. லோடு மூணு மணிக்குத்தான் ரெடியாச்சு. நாலு முப்பத்தொண்ணு வச்சேன். ஒரே ஒரு பில்லுதான் சார். போட்டுட்டு, டீயக் குடிச்சிட்டு வந்து பழையபடி மாத்திட்டேன். பத்து நிமிஷம் இருக்கும்."

அந்தப் பத்து நிமிஷத்தில் கேட்டில் விரல் வைத்தது ஒரே ஒருவர். பின் டயர் பஞ்சரான ஒருவர்.

நான் சொன்னதும் அக்கவுண்டன்ட் ஸ்வெட்டருக்குள் சுருங்கிப்போனார். முதலாளிக்கு இது தெரியாது என்றார். முதலாளி தினமும் சாயங்காலம் பில்களை வாங்கி ஒவ்வொன்றாக நேரம் பார்ப்பாராம். மூன்று வருஷத்தில் ஒரு பில்கூட ராகு காலத்தில் இல்லை என்று தோளில் தட்டிக் கொடுத்திருக்கிறாராம். "தெரிஞ்சா என்னைய நிப்பாட்டிருவாக சார். எனக்கும் ரெண்டு பிள்ளைக. வேற ஏதாச்சும் சொல்லிப் பாக்கலாம். கரண்டு வந்து வந்து போச்சு, மெஷினு குழம்பிருச்சுன்னு."

"கரண்டு போச்சு என்றால் அதற்கும் எலக்ட்ரீசியனைத்தான் பிடிப்பார்கள்."

அவர் அதை யோசித்திருக்கவில்லை. நீங்களே முதலாளியிடம் சொல்லிவிட்டால் நல்லது, வெள்ளிக்கிழமை வரை பார்ப்பேன், இல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றேன். பெரிய வீரன் மாதிரி சொல்லிவிட்ட பிறகுதான் என் வேலையும் போகலாம் என்று உறைத்தது. அந்த வேலை போனால் நான் மறுபடியும் வீட்டில் பருப்பை எண்ண வேண்டும். என்னைவிட என் மருமகளுக்கு அது பெரிய இடி.

வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம். அதனால் முதலாளி பன்னிரண்டு மணிக்குமேல்தான் வந்தார். மேனேஜர் மெமோவைச் சத்தமாகப் படித்தார். முதலாளி எலக்ட்ரீசியனைப் பார்த்தார்.

"எத்தன மணிக்கு வந்தேப்பா?"

"மூணு நாலு மொதலாளி."

"மெஷினு நாலு முப்பத்தி நாலுங்குதே?"

"அதுக்கு நான் என்னங்க செய்ய? நான் விரலத்தான் வச்சேன்."

நான் அக்கவுண்டன்டைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். நெற்றியில் திருநீறு வழக்கத்தைவிட மூன்று மடங்கு. வேறு வழியில்லாமல் நான் எழுந்தேன். என் பேச்சு மேனேஜரிடம் ஏற்கெனவே செல்லாததால், செய்துகாட்டி விடுவது என்று முன்பே முடிவு செய்திருந்தேன்.

"மேனேஜர் சார் ஒரு நிமிஷம் கேட்டு வரைக்கும் வந்து விரல் வைக்கணும்" என்றேன். "அதுக்கு முந்தி அக்கவுண்டன்ட் சார் தினமும் செய்கிறதை ஒரு தடவை செய்யட்டும். ஆறு மணி நேரம் கூட்டி வைக்கச் சொல்லுங்கள்."

"தினமும் என்ன செய்யிறாரு?" என்றார் முதலாளி.

அக்கவுண்டன்ட் எழுந்து உள்ளே போனார். மாற்றி வைத்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. வெயிலில் எல்லாரும் கேட்டுக்கு நடந்தோம். ஐந்து நிமிஷம் நிற்க வேண்டும் என்றேன், மெஷின் மணி கேட்பதற்கு. முதலாளி வேட்டி நுனியால் விசிறிக்கொண்டு நின்றார். மேனேஜர் விரலை வைத்தார். திரையில் அவருடைய படம் வந்தது, கீழே வருகை நேரம் 6.26 என்று வந்தது. மாலை.

முதலாளி திரையைப் பார்த்தார், தலைக்குமேல் சூரியனைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். "ஏன்யா, இப்பத்தான் வேலைக்கு வாரியா?"

முதலில் சிரித்தது எலக்ட்ரீசியன். தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அக்கவுண்டன்ட் வந்துவிட்டார். அவர் பாதியும் நான் மீதியுமாக, காலண்டர், பில், துறைமுகம், நாலு முப்பத்தொன்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தோம்.

முதலாளி வேப்ப மர நிழலுக்குப் போய் நின்றார். எனக்கு அக்கவுண்டன்டைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அப்ப மூணு வருஷமா ராகு காலத்துலதான் லோடு போயிருக்கு" என்றார் முதலாளி.

"ஆமாங்க மொதலாளி."

"லாரி எதுவும் கவுந்துச்சா?"

"இல்லங்க."

"சரக்கு திரும்பி வந்துச்சா?"

"ஒரு தடவகூட இல்லங்க. புது கிராக்கி ரெண்டு வந்துச்சு."

"அதுக்கு முந்தி, எங்கய்யா இருந்தப்ப, காத்துக்கெடந்து காத்துக்கெடந்து அனுப்புனோம். வருஷத்துக்கு ஒரு லாரியாச்சும் கவுத்துவான்." அக்கவுண்டன்ட் பக்கம் திரும்பினார். "அப்ப மாத்தாதீக. அந்தக் கம்ப்யூட்டர் சொல்ற நேரம் நமக்கு ராசியா இருக்கு. எப்பிடி வச்சு அடிச்சீங்களோ அப்பிடியே அடிங்க."

அக்கவுண்டன்ட் வாயைத் திறந்தவர் மூடவில்லை. மூன்று வருஷம் மறைத்து வைத்திருந்த குற்றத்தை, அவருக்கு இனிமேல் கடமையாகவே கொடுத்துவிட்டார்கள்.

"அப்போ இவர்?" என்று கேட்டேன். எலக்ட்ரீசியனை எல்லாரும் மறந்துவிட்டார்கள், மெமோவை அடிக்க ஒரு பக்கமும் ஒரு கையெழுத்தும் செலவு செய்த மேனேஜர் உட்பட.

"அவருதான் நேரத்துக்கு வந்திருக்காரே. மெமோவ வாங்கிக்கங்க." நடக்க ஆரம்பித்தவர் நின்றார். "அந்தப் பஞ்சு ரூமக் கூட்ட வைக்கிறது யாரு?"

மேனேஜர் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதில் பதில் இருப்பது போல.

அடுத்த வாரம் மதுரையிலிருந்து அதே சர்வீஸ்காரர் வந்தார். வேறொரு கம்ப்யூட்டரை மெயினாக மாற்றி, மறுபடியும் அணுக் கடிகாரத்தோடு பேச வைத்தார். கேமராப் பெட்டியையும் வலையில் சேர்த்தார். கேமரா கண்ணாடியைத் துடைக்கச் சொன்னேன், அது தன் வேலை இல்லை என்று சொல்லிவிட்டுத் துடைத்தார். பில் அடிக்கிற கம்ப்யூட்டரை மட்டும் வலையிலிருந்து கழற்றித் தனியே ஒரு மேஜையில் வைத்தார். "எங்க போனாலும் நேரத்தைச் சரி பண்ணத்தான் சார் கூப்பிடுவாங்க. தப்பா ஓடறதுக்குன்னு தனியா ஒண்ணு கேட்டது நீங்கதான்" என்றார். அது என் யோசனை இல்லை என்று சொல்ல வாய் வந்தது. பஸ் நேரமாகிவிட்டது. முதலாளி அந்தக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்தார். ஏசியும் அந்தப் பக்கமே திரும்பியது.

இப்போது மில்லில் மீதி ஆறு கம்ப்யூட்டர், விரல் மெஷின், கேமராப் பெட்டி எல்லாம் ஒரே மணி சொல்கின்றன. சாப்பிடப் போன பிறகுதான் திரும்பி வருகிறார்கள். எனக்குச் சரி பண்ண ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. அது வேறு கவலை.

எலக்ட்ரீசியன் விசாரணைக்கு மறுநாளே வேலைக்கு வந்தார். முதல் நாள் இரண்டு ஐம்பதுக்கு. இரண்டாம் நாள் இரண்டு ஐம்பத்தெட்டு. போகும்போதெல்லாம் என் மேஜையில் ஒரு டீ வைத்துவிட்டுப் போனார். சர்க்கரை போடாத டீ. என் சர்க்கரை அளவை யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை மூன்று மணி ஆகியும் ஆளைக் காணவில்லை. மொபெட் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். அவர் விரலை வைத்தார். மெஷின் 3.09 என்றது. என் கம்ப்யூட்டர் 3.09 என்றது. கைக்கடிகாரமும் அதைத்தான் சொன்னது.

"லேட்" என்றேன்.

"என்ன சார் இது. நீங்கதான் என் வேலையவே காப்பாத்திக் குடுத்தீக."

"அதனால்தான் லேட்டாக வர உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அன்னைக்கு இந்த மெஷினு என் கணக்குல சும்மா ஒண்ணரை மணி நேரத்த ஏத்துச்சு. தொண்ணூறு நிமிஷம். அதுல ஒம்பது நிமிஷத்தக் கழிச்சுக்கங்க. மிச்சம் எம்பத்தொண்ணு இருக்கு, பெறகு பாத்துக்குவோம்."

அவர் சொன்ன கணக்கில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. தொண்ணூறில் ஒன்பது போனால் எண்பத்தொன்றுதான். இரண்டு முறை கழித்துப் பார்த்தேன். பிறகு பன்னிரண்டாவது லேட்டைப் போட்டேன். அவர் தெலுங்கில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஐந்து வார்த்தை. அன்றைக்கு டீ வரவில்லை.